ஒலிம்பியாடா, அறிவியல் மாநாடா, ரோபோட்டிக்ஸா? பிள்ளையைச் சேர்க்கும் முன் ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு அம்மா போனில் கேட்டார்: "சார், பொண்ணு எட்டாவது. சயின்ஸ்னா உயிர். ரோபோட்டிக்ஸ் கிளாஸ்ல சீட் முடியப்போகுதுன்னு அவசரப்படுத்துறாங்க. ஸ்கூல்ல ஒலிம்பியாட் ஃபார்ம் குடுத்திருக்காங்க. எதுல சேக்குறது?"

நான் திருப்பிக் கேட்டேன்: "சும்மா இருக்குறப்ப பொண்ணு என்ன பண்ணும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மிக்ஸி ரிப்பேரானா அவதான் கழட்டுவா."

"திரும்ப மாட்டுவாளா?"

"மாட்டுவா. ஒரு ஸ்க்ரூ மட்டும் மிஞ்சும்."

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பள்ளி அறிவியல் ஆசிரியராகவும், பிள்ளைகளின் ஆய்வுகளுக்கு வழிகாட்டியாகவும் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். தமிழ்நாட்டில் 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியும் வழிகள் ஐந்து: தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, இன்ஸ்பயர் மானக் விருது, அறிவியல் ஒலிம்பியாட், இஸ்ரோவின் யுவிகா முகாம், அப்புறம் ரோபோட்டிக்ஸ் வகையறா. இதில் பள்ளியின் அடல் ஆய்வகமும் அடக்கம், தெருமுனைத் தனியார் வகுப்பும் அடக்கம்.

## எதை வைத்து அளப்பது

முதலில், பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? அளக்குமா, கழற்றி மாட்டுமா, கணக்குப் போடுமா, உட்கார்ந்து கேட்குமா? இந்த ஐந்தையும் 'அறிவியல் திட்டம்' என்று ஒரே பெயரில்தான் அழைக்கிறோம். ஆனால் கிரிக்கெட்டும் சதுரங்கமும் எவ்வளவு வேறோ, இவையும் அவ்வளவு வேறு.

இரண்டாவது, பக்கத்தில் நிற்கப்போகும் பெரியவர் யார்? என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். நல்ல வழிகாட்டி கிடைத்தால் சுமாரான திட்டம்கூடப் பிள்ளையைத் தூக்கிவிடும். ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கடைசியில் அப்பா இரவு பன்னிரண்டு மணிக்குத் தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது மொழி. தமிழில் யோசிக்கும் பிள்ளை தமிழிலேயே எழுதிப் பேச முடியுமா? நான்காவது காலண்டர். அரையாண்டுத் தேர்வு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இவற்றோடு எங்கே முட்டுகிறது? ஐந்தாவது பணம். கட்டணத்தை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள், மற்ற செலவைத்தான் யாரும் கேட்பதில்லை.

சான்றிதழை நான் அளவுகோலாகவே வைக்கவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007-இல் எடுக்கப்பட்டதிலிருந்து, மாநிலக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் வாங்கிய பதக்கத்துக்கு அங்கே அரை மதிப்பெண்கூடக் கிடையாது. மாநிலக் கலந்தாய்வுக்கு வெளியே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை ஒலிம்பியாட் பகுதியில் சொல்கிறேன்.

இன்னொன்று. என்டிஎஸ்இ, கேவிபிஒய் என்ற பழைய தேசிய உதவித்தொகைத் தேர்வுகள் இரண்டையும் சொல்லி இன்னும் பயிற்சிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது 2021-இலும் இரண்டாவது 2022-இலும் நின்றுபோயின. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

| திட்டம் | வகுப்பு / வயது | பிள்ளை செய்யும் வேலை | மொழி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| குழந்தைகள் அறிவியல் மாநாடு | 10–17 வயது | உள்ளூர்ப் பிரச்சினையில் களஆய்வு, அறிக்கை | தமிழ் போதும் | வழிகாட்டியின் சனிக்கிழமைகள் |
| இன்ஸ்பயர் மானக் | 6-ஆம் வகுப்பு முதல் | ஒரு புது யோசனை, பிறகு மாதிரி | யோசனைதான் முக்கியம் | வங்கிக் கணக்கு, பட்டறை அலைச்சல் |
| இளநிலை அறிவியல் ஒலிம்பியாட் | 10-ஆம் வகுப்பு வரை | கடினமான கேள்விகள் | ஆங்கில வாசிப்பு வேண்டும் | பயிற்சி மையக் கட்டணம், நவம்பர் மாதம் |
| யுவிகா | 9-ஆம் வகுப்பு | இரண்டு வார உறைவிட முகாம் | ஆங்கிலம் | காத்திருப்பு, ஏமாற்றம் |
| அடல் ஆய்வகம் / தனியார் ரோபோட்டிக்ஸ் | 6 முதல் | இணைத்தல், நிரல் எழுதுதல் | ஆளைப் பொறுத்தது | கிட், போட்டிக் கட்டணம் |

## தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு

1993 முதல் நாடு தழுவி நடப்பது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு வளர்ந்தது. தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ஒரு கருப்பொருள் தருவார்கள். அதற்குள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பிள்ளைகளே எடுத்து, ஓரிரு மாதம் ஆய்ந்து, அறிக்கை எழுதி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலே போக வேண்டும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகூடச் சேரலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

நான் வழிகாட்டிய ஒரு குழு ஒழுகும் தெருக்குழாய்களை எடுத்துக்கொண்டது. கருவி என்று பார்த்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு கைக்கடிகாரமும்தான். முதல் குழாயில் காலை ஆறு மணிக்கு வைத்த பாட்டில் 50 நிமிடத்தில் நிரம்பியது. மதியம் அதே குழாயில் 1 மணி 20 நிமிடம் ஆனது. பிள்ளைகள் பயந்துபோய் வந்தார்கள். "சார், நாங்க தப்பா அளந்துட்டோம். எதை எழுதுறது?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர்களே வந்து சொன்னார்கள்: காலையில் மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருக்கிறது, மதியத்துக்குள் பாதி காலி, அதனால் அழுத்தம் குறைகிறது. யாரும் கேட்காமலே நேரவாரியாக ஒரு அட்டவணை போட்டார்கள். அந்தக் குழு மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஆனால் 'இரண்டு விடை வந்தால் இரண்டையும் எழுது, ஏன் என்று தேடு' என்பதை நான் பாடம் நடத்திப் புரியவைக்க முடிந்ததே இல்லை, ஒரு பாட்டில் புரியவைத்துவிட்டது.

இதில் மறைந்திருக்கும் செலவு முழுக்க முழுக்க ஆள் நேரம். பதிவு, அச்சு, பேருந்துக் காசெல்லாம் சொற்பம். ஆனால் ஒரு ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ, ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளரோ ஏழெட்டுச் சனிக்கிழமைகளைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஆசிரியர் இணையத்திலிருந்து அறிக்கை தயாரிப்பார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். இரண்டு கேள்வியில் நடுவர் கண்டுபிடித்துவிடுவார். பிள்ளை எல்லோர் முன்னாலும் திணறும். அதற்குச் சேராமலே இருப்பது நல்லது.

வழிகாட்டி இருக்கிறார், பிள்ளை தமிழில் நன்றாகப் பேசும், ஊரைச் சுற்றப் பிடிக்கும் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## இன்ஸ்பயர் மானக்

அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. ஒவ்வொரு பள்ளியும் ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். அதை வைத்து மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாநாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மாநாடு 'ஏன் இப்படி?' என்று கேட்கும் பிள்ளைக்கு. மானக், 'இதை ஏன் இப்படியே வச்சிருக்காங்க?' என்று எரிச்சல்படும் பிள்ளைக்கு. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை நினைத்துப் பாருங்கள். தெருவில் இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்தார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசும் அளவுக்கு அது போனது. அவருடைய யோசனைக்கு முதலில் விருது கொடுத்தது இதே அறக்கட்டளைதான், ஆனால் இக்னைட் என்ற வேறொரு விருதின் வழியாக. யோசனை எங்கிருந்து முளைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்: ஆய்வகத்திலிருந்து இல்லை, தெருவிலிருந்து.

அதனால் சோடா உப்பில் பொங்கும் எரிமலை, மழைநீர் சேகரிப்பு மாதிரி, காற்றாலை இவற்றையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அவை பாடப்புத்தக மாதிரிகள், யோசனைகள் அல்ல. பாட்டியின் மாத்திரை டப்பா, அம்மா தூக்கும் குடம், மாட்டுக்கொட்டகை வாசல் என்று வீட்டைச் சுற்றி ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முதலில் காகிதம். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, மூன்று இடத்திலும் ஒரே எழுத்தில் பெயர். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலே அலைச்சல்தான். இதைப் பதிவுக்கு முன்பே சரிசெய்யுங்கள். இரண்டாவது, வெல்டிங் கடையும் மரப்பட்டறையும். பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்து, "தம்பி, இது நிக்காதுப்பா, அடியில ஒரு குறுக்குக் கம்பி குடு" என்று சொல்லும் ஒரு வெல்டர் கிடைத்தால், அவரே உங்கள் வழிகாட்டி. மூன்றாவது, பள்ளிக்கு ஐந்தே இடம். பதிவைப் பள்ளிதான் செய்ய வேண்டும் என்பதால் தலைமையாசிரியரிடம் பள்ளி திறந்த முதல் மாதமே பேசிவிட வேண்டும். கடைசி நாளில் போனால் ஐந்து பெயரும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

தனியாக வேலை செய்யப் பிடிக்கும் பிள்ளைக்கு இதுதான் சரி. மாநாட்டில் குழு உண்டு, சண்டையும் உண்டு.

## அறிவியல் ஒலிம்பியாட்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளியில் படிவம் கொடுத்து, பணம் வாங்கி, வகுப்புக்கு இரண்டு பதக்கம் கொடுக்கும் தனியார் 'ஒலிம்பியாட்'கள் வேறு. நாட்டின் சார்பில் உலகப் போட்டிக்கு ஆளனுப்பும் ஒலிம்பியாட் வேறு. இரண்டாவதன் முதல் கட்டத் தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்துகிறது. அடுத்தடுத்த கட்டங்களை மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பார்த்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு வரை இளநிலை அறிவியல். 11, 12-இல் இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்று தனித்தனி. கடைசியில் இளநிலை உலகப் போட்டிக்குப் போவது ஆறே பேர்.

ஆறு பேர் என்றதும் சோர்ந்துபோக வேண்டாம். ஆறில் ஒருவராக வருவதற்காக மட்டும் எழுதுகிற தேர்வு இல்லை இது. தேறாவிட்டாலும் அந்தத் தயாரிப்பு பிளஸ் ஒன் இயற்பியலில் கைகொடுக்கும்.

உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. ஹோமி பாபா மையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து கேள்வி கொடுங்கள். எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். நேரம் முடிந்து, சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் ஏதாவது ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் சேர்க்கலாம். "எப்ப முடியும்?" என்று கேட்டால் விட்டுவிடுங்கள், தப்பில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பயிற்சி மையங்கள். தேர்வுக் கட்டணம் சிறியது, ஆனால் ஒன்பதாம் வகுப்பிலேயே 'ஒலிம்பியாட் பவுண்டேஷன்' என்று சேர்த்து, அப்படியே ஜேஇஇ வரை கொண்டுபோகும் தொகுப்பு சிறியதல்ல. சேர்வதானால் ஜேஇஇக்காகத்தான் சேர்கிறோம் என்று தெரிந்து சேருங்கள். இரண்டு, மொழி. சமச்சீர் தமிழ்வழிப் பிள்ளைக்குக் கருத்து தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் நீளமாகச் சுற்றிக் கேட்கும் கேள்வியில் நேரம் போய்விடும். தவறான விடைக்கு மதிப்பெண் வேறு குறையும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். சென்னை ஐஐடி 2025–26 முதல் அறிவியல் ஒலிம்பியாட்களில் உயர்ந்த கட்டம் வரை போன மாணவர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் பிரிவிலும் இரண்டு கூடுதல் இடம் வைத்திருக்கிறது. அதுவும் மேல்நிலை ஒலிம்பியாட்களுக்குத்தான், எட்டாம் வகுப்புப் பதக்கத்துக்கு இல்லை.

## யுவிகா

இஸ்ரோ 2019-இல் தொடங்கிய இளம் விஞ்ஞானி முகாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மே மாதத்தில் இரண்டு வாரம், ஏதாவதொரு இஸ்ரோ மையத்தில். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஸ்ரீஹரிகோட்டாவோ திருவனந்தபுரமோ கிடைத்தால் நமக்குப் பக்கம்.

தேர்வு முறையைக் கவனியுங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடை. ஊராட்சிப் பகுதிக் கிராமப் பள்ளிக்கு 15 விழுக்காடு. மீதி இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் என்று பிரிகிறது. அதாவது இதற்கென்று தனியாகத் தயாராக எதுவுமில்லை. எட்டாம் வகுப்பில் நன்றாகப் படித்து, ஏதாவது கண்காட்சிக்குப் போயிருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். நாடு முழுவதற்கும் சில நூறு இடங்களே என்பதால் கிடைத்தால் திருவிழா, கிடைக்காவிட்டால் மறந்துவிட வேண்டும். இதை நம்பி மற்றதை விடுவது மட்டும் வேண்டாம்.

## அடல் ஆய்வகமும் தனியார் ரோபோட்டிக்ஸும்

உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதா? 2016 முதல் நிதி ஆயோக் வழியாகப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து அமைக்கப்பட்டவை அவை. முப்பரிமாண அச்சுக் கருவி, நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ மின்னணுப் பலகைகள், சென்சார்கள் எல்லாம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சாவி யாரிடம்?

ஒரு பள்ளிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஆய்வகத்தில் அச்சுக் கருவி மேல் பூப்போட்ட மேசைவிரிப்பு. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் சாவிக்கொத்து. "இதை எப்ப அச்சடிச்சீங்க?" என்று கேட்டேன். "திறப்பு விழா அன்னைக்கு சார்" என்றான் பையன், பெருமையாக. விழா முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சாவி ஒரு ஆர்வமுள்ள ஆசிரியரிடம் இருந்து, பிள்ளைகள் மாலையில் உள்ளே போக முடிந்தால் உங்களுக்கு வேறு எந்த ரோபோட்டிக்ஸ் வகுப்பும் தேவையில்லை.

தனியார் வகுப்புக்கு வருவோம். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முடியும் நேரத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள். பத்துப் பிள்ளைகளும் கோட்டைப் பின்தொடரும் ஒரே வண்டியை, ஒரே நிறக் கம்பிகளோடு செய்து வைத்திருந்தால், அது பார்த்து எழுதும் கையெழுத்துப் பயிற்சிப் புத்தகம் மாதிரி. யாரோ ஒருவனுடைய வண்டி சுவரில் முட்டி, அவன் தரையில் உட்கார்ந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் அங்கே சேர்க்கலாம்.

கட்டணத்தோடு இவற்றையும் கேளுங்கள்: கிட் வீட்டுக்கு வருமா, அங்கேயே இருக்குமா? அவர்களுடைய கிட்டில் மட்டும் ஓடுமா, வெளியே வாங்கும் பாகமும் சேருமா? போட்டிக்கு, டி-ஷர்ட்டுக்கு, அடுத்த 'லெவலு'க்குத் தனிப் பணமா? இந்த மூன்றையும் கூட்டினால் கட்டணத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு.

மாற்று வழி சென்னை ரிச்சி தெருவில் இருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில். ஆர்டுயினோவின் நகல் பலகை, தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், நான்கு எல்இடி, கொஞ்சம் மின்தடைகள் (ரெசிஸ்டர்), கம்பிகள். எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்தான். மென்பொருள் இலவசம். முதல் நாள் பிள்ளை ரெசிஸ்டர் போடாமல் ஒரு எல்இடியை எரித்துவிடும். எரியட்டும். அந்த 220 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்பது அதற்கப்புறம் மறக்காது. உதவிக்குப் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் போதும். அப்படி யாருமே இல்லாத வீட்டுக்குத்தான் தனியார் வகுப்பு நியாயமான செலவு. அதுவும் மூன்று மாதம் கட்டிப் பாருங்கள், வருடக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள்.

## எந்த வகுப்பில் எது

ஆறு, ஏழாம் வகுப்பில் அவசரமே வேண்டாம். அரசுப் பள்ளியானால் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றத்தின் சோதனைகளே போதுமானவை. இருசக்கர வண்டியில் கருவிகளோடு வருபவரிடம் பிள்ளை கேள்வி கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். எட்டாம் வகுப்பு, மாநாட்டுக்கோ மானக்கிற்கோ சரியான நேரம். அங்கே கிடைத்த அனுபவம் ஒன்பதாம் வகுப்பில் யுவிகா விண்ணப்பத்துக்கும் உதவும். ஒன்பதின் நவம்பரில் விருப்பமிருந்தால் ஒலிம்பியாட். பத்தாம் வகுப்பில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரே வருடத்தில் இரண்டுக்கு மேல் சேர்த்தால், எல்லாவற்றிலும் வேலை செய்யப்போவது நீங்கள்தான்.

சரி, அந்த மிக்ஸிப் பெண். அவளுக்கு ரோபோட்டிக்ஸ் வகுப்பு வேண்டாம் என்றேன், பள்ளியில் கொடுத்த ஒலிம்பியாட் படிவமும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் மானக் ஐந்தில் ஒரு இடம் கேட்கச் சொன்னேன். அவர்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அங்கே உட்கார அந்த அண்ணன் விடுவாரா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். போன வாரம் மறுபடி போன் வந்தது. விட்டாராம். மிஞ்சிய ஸ்க்ரூவைக் காட்டினாளாம். அது மோட்டாருக்கு அடியில் போக வேண்டியது, அதனால்தான் உங்கள் வீட்டு மிக்ஸி அப்படி அதிருது என்றாராம்.